இருபது நிமிட நடை

சாருஜா அந்தக் கட்டுரையை ஜனவரி மாதத்தில் எழுதினாள். களனிப் பள்ளத்தாக்கில் ஒரே நாளில் போய்வரக்கூடிய பன்னிரண்டு இடங்கள் என்று தலைப்பு. அவிசாவளையைத் தாண்டிக் கித்துல்கல வரையிலும் அதற்கு மேலேயும் ஆற்றின் இருபக்கமும் உள்ள பூங்காக்கள், காட்டுப் பாதைகள், நீர்வீழ்ச்சிகள். பன்னிரண்டில் மூன்றைத்தான் அவள் கண்ணால் கண்டிருந்தாள். அதுவும் முன்பு வேலை பார்த்த இடத்தில் எல்லோருமாக வாடகை வான் பிடித்துப் போன ஒரு சுற்றுலாவில். மற்ற ஒன்பதையும் வெள்ளவத்தையில், தன் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே, மற்றவர்கள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதியதைப் பார்த்து எழுதினாள்.

அதில் அவளுக்குக் கூச்சம் ஒன்றும் இருக்கவில்லை. மூன்று வருடமாக அப்படித்தான் எழுதிவந்தாள். தெஹிவளையில் இருந்து அந்தப் பயண இணையத்தளத்தை நடத்தும் புவாத்துக்கும் அது தெரியும். கிழமைக்கு இரண்டு கட்டுரை வேண்டும். கிழமைக்கு இரண்டு தரம் மலை ஏறி இறங்க யாரால் முடியும்?

பதினொரு இடத்தை எழுதி அனுப்பியபோது புவாத் தொலைபேசியில் அழைத்தான்.

“நல்லா ஈக்கி சாருஜா. ஆனா எல்லாம் இளம் ஆக்களுக்கு ஏத்த மாதிரியே ஈக்கி. ஃபேமிலியா போற ஆக்கள்தான் நம்மட பக்கத்த கூட வாசிக்கிறாங்க. வயசானவங்களுக்கும் ஏலுமான ஒரு இடத்த போடுங்களேன்.”

அவள் தேடியபோது நாகஹ எல்ல என்ற நீர்வீழ்ச்சி அகப்பட்டது. அதிகம் பேர் அறியாத இடம். ஒரு சிங்களப் பக்கத்தில் நான்கைந்து படங்கள் இருந்தன. ஒன்றில் ஐந்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி, முழங்கால் அளவு தண்ணீரில் சிரித்துக்கொண்டு நின்றாள். படங்களுக்குக் கீழே நீளமான ஒரு பந்தி. சாருஜா சிங்களம் சரளமாகக் கதைப்பாள். மீன்காரனோடும் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்திலும் அவளுக்கு ஒரு தடையும் இல்லை. வாசிப்பதென்றால்தான் எழுத்தெழுத்தாகக் கூட்ட வேண்டும். தேயிலைத் தோட்டம், பழைய பங்களா, இருபது நிமிடம் என்பது வரைக்கும் கூட்டினாள். கண் களைத்துவிட்டது. மிச்சத்தை விட்டுவிட்டு எழுதினாள்:

‘சந்தியிலிருந்து இருபது நிமிட நடை. பாதை சமதரை. சிறுவர்களும் முதியவர்களும் தயக்கமின்றிப் போய்வரலாம்.’

அந்தக் கட்டுரையைப் போல அவளுடைய வேறெதுவும் ஓடியதில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. அவளுடைய சித்திக்குக்கூட யாரோ அனுப்ப, சித்தி அதை அவளுக்கே திருப்பி அனுப்பி, ‘இதைப் பார்த்தாயா’ என்று கேட்டிருந்தாள்.

மே மாதத்தில் ஒரு காலை, தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு வந்தது.

“சாருஜாவோ கதைக்கிறது?”

“ஓம். நீங்கள் ஆர்?”

“என்ர பேர் லோகேஸ்வரன். கொட்டாஞ்சேனையில இருந்து கதைக்கிறன். உங்கட நம்பரைப் புவாத் தம்பிதான் தந்தவர். குறை நினைக்காதேங்கோ பிள்ளை, ஒரு சின்னத் திருத்தம் சொல்லத்தான் எடுத்தனான்.”

நிதானமான குரல். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கம்பனியில் முப்பத்தைந்து வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். பிறகு, நாகஹ எல்லவுக்குப் போகும் பாதை சமதரை இல்லை என்றார்.

“பங்களா வரைக்கும்தான் இருபது நிமிசம். அதுக்கங்கால பாதையே இல்லைப் பிள்ளை. மண் சரிஞ்சு கிடக்குது. கல்லுக் கல்லாப் பிடிச்சு ஏறவேணும். வேற ஆரும் போயிடக்கூடாது எண்டுதான் சொல்லுறன்.”

“நீங்கள் போனனீங்களா அங்கிள்?”

“மார்ச் மாதப் பறுவத்துக்கு, போயா லீவுக்குப் போனனாங்கள். நானும் மனுசியும். அவ விழுந்திட்டா. இடுப்பு எலும்பு. ஒப்பரேசன் செய்து பிளேட் வைச்சிருக்கினம். இப்ப பரவாயில்லை.”

சாருஜா கதிரையில் இருந்து எழும்பிவிட்டாள். அவர் தொடர்ந்தார்.

“நீங்கள் எழுதினதை நான் மூண்டு தரம் வாசிச்சனான். அவவுக்கும் வாசிச்சுக் காட்டினனான். உங்களில பிழை இல்லை. நீங்கள் போகேக்க பாதை நல்லா இருந்திருக்கும். பிறகு பெய்த மழையில சரிஞ்சிருக்கும், என்ன?”

அவர் கையை நீட்டித் தூக்கிவிடுவது போல இருந்தது அது. யோசிக்காமல் அவள் பற்றிக்கொண்டாள்.

“ஓம் அங்கிள். நான் போகேக்க நல்லாத்தான் இருந்தது.”

“அதுதானே. நானும் இவவுக்கு அப்பிடித்தான் சொன்னனான்” என்றார் அவர், ஆறுதலாக.

அவர் வைத்த பிறகு சாருஜா கட்டுரையைத் திறந்து நாகஹ எல்லவை எடுத்துவிட்டாள். அதன் பிறகு அந்தச் சிங்களப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, விட்ட இடத்தில் இருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். அரை மணித்தியாலம் பிடித்தது. இந்தப் படங்கள் ஆறு வருடத்துக்கு முந்தியவை. மண்சரிவுக்குப் பிறகு பங்களாவுக்கு அப்பால் பாதை இல்லை. வயதானவர்களையும் பிள்ளைகளையும் தயவுசெய்து கூட்டிப் போகாதீர்கள். மிச்சப் பந்தி முழுக்க அதைத்தான் சொன்னது. அவள் விட்ட இடத்துக்கு அடுத்த வசனமே அதுதான்.

புவாத்துக்குச் சொன்னாள். அவன், “நான்தானே வயசானவங்களுக்குப் போடுங்கண்டு கேட்டேன். அல்லாஹ்வே...” என்றான். பிறகு, “போய்ப் பாருங்க சாருஜா. நான் வந்தா, கேஸுக்குப் பயந்து வந்ததா அவருக்கு வேற மாதிரி விளங்கும். நீங்க தனியப் போங்க” என்றான்.

போக அவளுக்கு மூன்று கிழமை எடுத்தது. ஒவ்வொரு கிழமையும் ஒரு வேலை வந்தது. வராத கிழமையில் மழை பெய்தது. கடைசியில் ஜூன் மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம், லோகேஸ்வரனிடம் விலாசம் கேட்டுக்கொண்டு, காலி வீதியில் பஸ் ஏறி, கோட்டையில் மாறி, ஜம்பட்டா வீதியில் இறங்கினாள். கையில் ஒரு பை அப்பிள். உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவது என்று வழி முழுக்கத் தீர்மானித்துக்கொண்டே போனாள்.

வீடு ஒரு பிடவைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில். படிகள் செங்குத்தாக, ஒரு ஆள் போகும் அகலத்தில் இருந்தன. அவற்றில் ஏறும்போதே அவளுக்கு விளங்கியது, ஒப்பரேசனுக்குப் பிறகு இந்த மனிசி கீழே இறங்கியிருக்க முடியாது என்று.

லோகேஸ்வரன் கதவைத் திறந்தார். மெலிந்த மனிதர். வெளியே போகப் புறப்பட்டவரைப் போல சேர்ட்டைக் காற்சட்டைக்குள் விட்டிருந்தார். உள்ளே, ஜன்னலோரம் உயரமான கதிரையில் மேனகா இருந்தார். அறுபது வயது தாண்டியும் தலைமுடி கறுப்பாகவே இருந்தது. பக்கத்தில் அலுமினிய வோக்கர்.

“வாம்மா, வா. இவ்ளோ தூரம் எங்களப் பாக்கவா வந்தே?” என்றார். அவர் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். புருஷனின் யாழ்ப்பாணத் தமிழ் முப்பத்தைந்து வருடத்தில் அவரை ஒட்டவில்லை. “ஏங்க, அந்தப் பிஸ்கட் டின்ன எடுங்க.”

தேத்தண்ணி வந்தது. மேனகா தன்னைப் பற்றித் தானாகவே சொன்னார். கிராண்ட்பாஸில் தேயிலை ஏற்றுமதி செய்யும் ஸ்டோர்ஸ் ஒன்றில் இருபத்தாறு வருடம் பெட்டி அடைக்கும் வேலை. வேலைக்குப் போவதும் வருவதும் நடைதான். செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கும் நடைதான்.

“பெட்டியில எல்லாம் ஒரு அருவி படம் போட்டிருப்பாங்க. அத ஒட்டி ஒட்டி, ரிட்டையர் ஆனப்பறம் நெசத்துல ஒண்ணு பாக்கணும்னு ஆசை. இவர் எங்கேயும் கூட்டிப் போகமாட்டார், கால் வலிக்கும்பார். ஒன்னோடதப் படிச்சிட்டு, ‘மேனகா, இது உனக்கெண்டே எழுதின மாதிரிக் கிடக்கு, இருபது நிமிசம்தானாம்’னு இவரே வந்து நிக்கிறார்.”

லோகேஸ்வரன் சிரிக்க முயன்றார். “நான்தான் அவசரப்படுத்தினனான்” என்றார். “பங்களாவோட திரும்புவம் எண்டு இவ சொன்னவ. நான்தான், இருபது நிமிசம் எண்டு போட்டிருக்கு, இந்தா வந்திடும், இந்தா வந்திடும் எண்டு...”

சாருஜா தன் கோப்பையைக் கீழே வைத்தாள். இப்போதுதான் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். மேனகா முந்திக்கொண்டார்.

“அது கிடக்கட்டும். நீ பாத்திருக்கேல்ல? எப்படி இருக்கும் சொல்லேன். நாங்கதான் போய்ச் சேரல.”

“அன்ரி...”

“சும்மா சொல்லும்மா. நான் இந்த ஜன்னல்ல பஸ்ஸையே பாத்துக்கிட்டு இருக்கிறேன்.”

அவர் கண்ணில் இருந்த ஆவலைப் பார்த்தவுடன் சாருஜாவின் துணிவு போய்விட்டது. அவள் சொல்லத் தொடங்கினாள். இரண்டு தட்டாக விழும் என்றாள். மேலே ஒடுக்கமாக இருக்கும், கீழே கல்லில் பட்டு விரியும். அடியில் ஒரு சின்னக் குளம் போலத் தண்ணீர் நிற்கும், முழங்கால் அளவுதான், பிள்ளைகள் விளையாடலாம். பாறையில் பச்சையாகப் பாசி. எல்லாம் அந்த நான்கைந்து படங்களில் இருந்தவை. மேனகா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். லோகேஸ்வரனும் கதவோரம் நின்று கேட்டார்.

“சத்தம் எப்படி?” என்றார் மேனகா.

“சத்தமோ?”

“ஆமாம்மா. நான் விழுந்து கிடந்தப்போ எனக்குத் தண்ணிச் சத்தம் கேட்டிச்சி. நல்லாவே கேட்டிச்சி. இவர் இல்லேங்கிறார். வலியில அப்படித் தோணியிருக்கும்னு. பங்களா தாண்டி, ஒரு பெரிய பலா மரம் இருக்கில்ல? அதுக்கு மேல கொஞ்சத் தூரம். அங்க நின்னா அருவிச் சத்தம் கேக்குமா? நீ போயிருக்கியே, ஒனக்குத் தெரியும்.”

பலா மரம். சாருஜா படங்களை எல்லாம் மனதில் புரட்டிப் பார்த்தாள். ஒன்றிலும் பலா மரம் இல்லை. கேட்கும் என்று சொல்வது மிகச் சுலபம். அந்த மனிசியும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

“எனக்குத் தெரியாது அன்ரி” என்றாள். “நான் அங்க போகேல்லை.”

“என்னம்மா?”

“நான் ஒருநாளும் அங்க போகேல்லை. படத்தைப் பாத்து எழுதினனான். இப்ப சொன்னதும் படத்தைப் பாத்ததுதான். பாதை சரியில்லை எண்டு அந்தப் பக்கத்திலேயே எழுதியிருந்தது, நான் கடைசி வரை வாசிக்கேல்லை. என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ.”

கீழே கடையில் யாரோ ஷட்டரை இழுத்து விட்டார்கள். லோகேஸ்வரன்தான் முதலில் பேசினார்.

“அப்ப, நான் எடுத்தபோது, போகேக்க நல்லா இருந்தது எண்டு சொன்னனீங்கள்?”

“பொய்தான் அங்கிள். பயத்தில சொல்லிப்போட்டன்.”

அவர் கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் வோக்கரைக் கதிரைக்குக் கிட்ட நகர்த்தி வைத்தார், அது சரியான இடத்தில்தான் இருந்தும்.

“எல்லாரும் என்னைத்தான் ஏசினவை” என்றார். “இவவின்ர தம்பி, அயலட்டை, டொக்டர் கூட. ஏன் இந்த வயதில கூட்டிக்கொண்டு போனனீர் எண்டு. ஒருத்தரையும் உங்களைப் பற்றி ஒரு சொல்லு நான் சொல்லவிடேல்லை. அந்தப் பிள்ளை போய்ப் பாத்துத்தான் எழுதினது, மழை செய்த வேலை எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்.”

சாருஜா அழுதாள். மேனகா அவளைத் தேற்றவும் இல்லை, ஏசவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “டீ ஆறிப் போச்சு” என்று மட்டும் சொன்னார்.

படி இறங்கும்போது லோகேஸ்வரன் கூட வந்தார். தெருவில் நின்று, “முதல் நாளே சொல்லியிருந்தா நான் கத்தியிருப்பன். ரெண்டு நாளில ஆறியிருக்கும்” என்றார். பஸ் வரும் வரைக்கும் நின்றார்.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலை சாருஜா மருதானையில் ரயில் ஏறி அவிசாவளை போனாள். அங்கிருந்து பஸ். சந்தியில் இறங்கும்போது பத்து மணி. தேயிலைக்கு நடுவே போன தார் ரோட்டு பிறகு கல் ரோட்டாகி, பங்களாவின் சுவரில் முடிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினெட்டு நிமிடம். பங்களாவுக்கு எதிரே சின்ன ஒரு பெட்டிக்கடை. அதன் பக்கத்தில் ஒரு பலகை நட்டு, சிங்களத்தில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. கூட்டி வாசித்தாள். ‘இதற்கு மேல் போக வேண்டாம்.’

கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களவர். நீர்வீழ்ச்சியா என்று அவராகவே கேட்டார். அவள் இல்லை என்று சொல்லி, மார்ச் போயா தினத்தில் விழுந்த ஒரு அம்மாவைப் பற்றி விசாரித்தாள். அவர் தராசை வைத்துவிட்டு வெளியே வந்தார். அந்த அம்மா உயிரோடு இருக்கிறாவா என்றுதான் முதலில் கேட்டார்.

பிறகு சொன்னார்: ஜனவரியில் இருந்து தமிழ் ஆட்கள் நிறையப் பேர் வரத் தொடங்கினார்கள். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. பலகையை அவர்களால் வாசிக்க முடியாது. அவரே கடையில் இருந்து எழும்பி எழும்பிப் போய்த் திருப்பி அனுப்பினார். அந்தப் போயாவுக்கு மட்டும் கடையைப் பூட்டிவிட்டுப் பன்சலைக்கு, புத்த விகாரைக்கு, சில் விரதம் எடுக்கப் போய்விட்டார். மத்தியானம் ஏதோ எடுக்கக் கடைக்குப் பின்னால் உள்ள தன் வீட்டுக்கு வந்தவருக்குக் கத்தும் சத்தம் கேட்டது. தோட்டத்து ஆட்கள் மூன்று பேரோடு, உரச் சாக்கை விரித்து அதில் அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

“அன்றைக்குக் கடை திறந்திருந்தால்” என்று சிங்களத்தில் சொல்லி, அவர் நிறுத்திக்கொண்டார்.

சாருஜா அந்த இடத்தைக் காட்டச் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு முன்னால் நடந்தார். சரிந்த மண்ணில் கை ஊன்றி ஏற வேண்டியிருந்தது. அவளுடைய சப்பாத்துக்குள் அட்டை ஏறியது. பலா மரம் வந்தது. அதற்கு மேலே, இடுப்பளவு உயரமான ஒரு கல்லடியில் அவர் நின்று, இங்கேதான் என்றார்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சந்தேகமே இல்லை, தெளிவாகக் கேட்டது. “அருவியா?” என்றாள்.

கடைக்காரர் சிரித்துவிட்டு, பற்றையை விலக்கிக் காட்டினார். உள்ளே தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சீமெந்துக் கான். ஒரு வெடிப்பின் வழியாகத் தண்ணீர் கீழே கொட்டிக்கொண்டிருந்தது. நாகஹ எல்ல மலைக்கு அந்தப் பக்கம், இன்னும் ஒன்றரை மணித்தியாலம் ஏற வேண்டும், மேட்டைத் தாண்டும் வரைக்கும் சத்தம் வராது என்றார் அவர்.

திரும்பி வந்து, கடைக்காரர் கொடுத்த கூரைப் பெயின்டில், பலகையில் சிங்களத்துக்குக் கீழே அதையே தமிழில் எழுதினாள். எழுத்துகள் கோணலாக வந்தன. நீர்வீழ்ச்சிக்கு அவள் போகவில்லை. பார்க்க மனம் வரவில்லை.

கொழும்புக்கு வந்து இரண்டு நாள் அவள் யோசித்தாள். கேட்டது அருவிதான் அன்ரி என்று சொன்னால் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்கு இன்னொரு பொய்யைக் கொண்டுபோக அவளால் முடியவில்லை. மூன்றாம் நாள் லோகேஸ்வரனின் நம்பருக்கு எடுத்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் ஃபோனை மனைவியிடம் கொடுத்தார்.

“அன்ரி, நான் போனனான். நீங்கள் விழுந்த இடத்துக்குப் போனனான். சத்தம் கேட்டது உண்மைதான். உங்களுக்குப் பிழையாக் கேக்கேல்லை.”

“பாத்தியா! நான் சொன்னேனே!” அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சியை சாருஜா அதற்கு முன் கேட்டதில்லை. “ஏங்க, கேட்டீங்களா?”

“ஆனா அன்ரி, அது அருவி இல்லை. தோட்டத்துத் தண்ணிக் கான். அருவி இன்னும் கனதூரம், மலைக்கு அங்கால. அங்க சத்தம் வராதாம்.”

“அப்படியா” என்றார் மேனகா. “சரிம்மா.”

ஃபோன் கை மாறியது. செருப்புச் சத்தமும், கதவொன்று சாத்தும் சத்தமும் கேட்டன. லோகேஸ்வரன் வெளியே படிக்கட்டுக்கு வந்து கதைக்கிறார் என்று தெரிந்தது.

“பிள்ளை” என்றார், குரலைத் தாழ்த்தி. “வாற ஆக்களுக்கெல்லாம் அவ அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவ. போய்ச் சேரேல்லைத்தான், ஆனா கிட்டப் போயிட்டன், சத்தம் கேட்டது எண்டு. நான் இல்லை எண்டு சொல்லச் சொல்ல இன்னும் கூடச் சொல்லுவா. அதில ஒரு சந்தோசம் அவவுக்கு.”

“அங்கிள், நான் திரும்பவும் பொய் சொல்லக்கூடாது எண்டு...”

“விளங்குது, விளங்குது. நீங்கள் சரியாத்தான் செய்திருக்கிறியள்.” அவர் மூச்சு விட்டார். “எண்டாலும் இதொண்டை விட்டிருக்கலாம்.”

ஆவணியில் மேனகா இரண்டு பேர் பிடிக்க முதல் தரம் படி இறங்கினார் என்று புவாத் மூலம் சாருஜா அறிந்தாள். மிச்ச எட்டு இடங்களுக்கும் அவள் சனிக்கிழமைகளில் ஒவ்வொன்றாகப் போனாள். மூன்றில் அவள் எழுதியிருந்தது பிழை. திருத்தினாள். பழைய கட்டுரை மட்டும் நாகஹ எல்லவோடு சேர்த்து இன்னும் யாராவது ஒருவருடைய ஃபோனில் இருந்து இன்னொருவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. காணும்போதெல்லாம் ‘இது பிழை, போக வேண்டாம்’ என்று கீழே எழுதுகிறாள். நீங்கள் யார், போய்ப் பார்த்தீர்களா என்று சிலர் கேட்கிறார்கள்.